விளக்கைத் தொட்டுப் பார்க்கும் காவலாளி

எங்கள் ஆபீசில் கேம்களைச் சோதித்துப் பார்க்கும் அக்காவுக்குப் பட்டப்பெயர் பூனை. ஒளிந்து ஒளிந்து போகிற கேம் எதுவானாலும் காவலாளி கண்ணில் படாமல் முடித்துவிடுவாள். அன்று காலை என் கேமின் கடைசிக் கட்டத்தை, அதுவும் 'மிகக் கடினம்' வைத்து, பதினோரு நிமிடத்தில் ஊதித் தள்ளினாள். ஒரு கையில் பிஸ்கட் வேறு.

பின்னால் நின்ற முதலாளி உதட்டைப் பிதுக்கினார். "நாலு மணிக்குப் பூனை இன்னொரு தடவ ஆடட்டும். அப்பவும் மாட்டலைன்னா, ஒளியறதெல்லாம் வேணாம். ஆடறவங்க கையில துப்பாக்கியக் குடுத்துடலாம்."

ஒன்றரை வருடமாக அந்தக் காவலாளிக்கு நடக்கவும் பார்க்கவும் கற்றுக்கொடுத்தவள் நான். அவனை ஆடுபவர்கள் சுட்டுத்தள்ளும் பொம்மையாக்கவா? அவசரத்தில் அவன் பார்வையை இரண்டு மடங்காக்கினேன். பூனை உடனே மாட்டினாள், உடனே சண்டைக்கும் வந்தாள்.

"தூணுக்குப் பின்னாடி இருக்கேன், எப்படிடி பாத்தான்? இது கஷ்டம் இல்ல, அழுகுணி ஆட்டம்! எல்லா கேம்லயும் இதே கூத்து. ஈஸின்னா காவலாளி அரைக்குருடு, கஷ்டம்னா முதுகுலயும் கண்ணு. ஆனா எவனா இருந்தாலும் 'யாரது?'ன்னு கத்திக்கிட்டேதான் வருவான். கத்தினா நமக்குத் தெரிஞ்சிடுமே!"

கத்துவது! எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. சின்ன வயதில், வீடே தூங்கும் மத்தியான நேரத்தில், சத்தத்தை அடக்கிவிட்டு டிவியில் கேம் ஆடுவேன். அப்பா படுத்தபடியே "யாரது?" என்பார். நான் மூச்சுவிடாமல் இருந்தால் புரண்டு படுத்துவிடுவார். அம்மா அப்படியில்லை. கூப்பிடவே மாட்டாள். நேராக வந்து, நான் அவசரமாக அணைத்த டிவியின் முதுகில் கை வைப்பாள். சுட்டால் தீர்ந்தது கதை. ஒரே ஒரு தடவை ஈரத்துணியால் துடைத்து, ஆறவைத்து, அவளையே ஏமாற்றியிருக்கிறேன். என் வாழ்நாள் சாதனை அது.

"பூனைக்கா, அம்மா! அம்மாதான்!" என்று குதித்தேன்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

சாப்பாட்டைக்கூட மறந்து எழுதினேன். சுலபத்துக்கு அப்பா: இரண்டு தடவை கத்துவார், 'பூனையா இருக்கும்' என்று போய்விடுவார். கடினத்துக்கு அம்மா. பார்வை பழையபடிதான். ஆனால் பேச்சே கிடையாது. வரைபடம் பார்க்க ஆடுபவர் ஏற்றி அணைத்த விளக்கைத் தொட்டுப் பார்ப்பாள், சூடாக இருந்தால் அறையை விட்டுப் போக மாட்டாள். தலைக்கவசத்துக்குள் இருப்பது ஆணா பெண்ணா, யார் கண்டது? அம்மாவுக்கு போன் போட்டு ஒரே ஒரு வார்த்தையை மட்டும் பதிவு செய்துகொண்டேன்.

நாலு மணி. பூனை பிஸ்கட்டோடு உட்கார்ந்தாள். விளக்கேற்றி வரைபடம் பார்த்தாள், அணைத்தாள், அறையின் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்தாள். காவலாளி வந்து விளக்கைத் தொட்டது. பூனை பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். அரை நிமிடம் சத்தமே இல்லை.

"போயிட்டான்" என்று வெளியே வந்தாள்.

"வந்துட்டியா?" என்றது அம்மாவின் குரல், காதுக்குப் பக்கத்தில்.

பூனை போட்ட அலறலில் ஆபீசே எழுந்து வந்தது. நாலு தடவை மாட்டினாள், நாலு தடவையும் கத்திச் சிரித்தாள். "இன்னொரு தடவ, இன்னொரு தடவ!" முதலாளி துப்பாக்கியை மறந்தே போனார். "எழுந்திரும்மா, நான் ஒரு தடவ பாக்கறேன்" என்று நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டினேன். பக்கத்து அறையில் முதலாளி எட்டாவது தடவையாக மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஆனா ஈரத்துணி வச்சு உன்னையே ஒரு தடவ ஏமாத்திட்டேன்மா!"

"டிவி முதுகு ஈரமா இருந்தா எனக்குத் தெரியாதாடி?"

"அப்புறம் ஏன் விட்டே?"

"அவ்வளவு பாடுபட்டு ஒளிஞ்சிருக்கே. ஒரு தடவயாவது ஜெயிக்கட்டும்னுதான்."

போனை வைக்கக்கூட மறந்து கணினிக்கு ஓடி, இன்னொரு விதியைச் சேர்த்தேன். ஒன்பது தடவை மாட்டியவர்களுக்கு மட்டும், பத்தாவது தடவை, காவலாளி சூடான விளக்கைத் தொடும். கையை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும்.