ஜெகதாம்பாள் வீட்டு போன்

ஜெகதாம்பாளைப் பற்றித் தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைத்தான் சொல்வார்கள். பால்காரன் தண்ணீர் கலந்தால் திட்டுவாள். கலக்காமல் ஊற்றினால் இன்றைக்கு என்ன விசேஷம் என்று சந்தேகப்படுவாள். அந்த வாய்க்கு ஒரு காலத்தில் வயிறு நிறையத் தீனி போட்டது அவள் வீட்டு டெலிபோன்.

திருநின்றவூரில் ஏரிப்பக்கம் மனை வாங்கி வீடு கட்டியபோது அவள் புருஷன் வேலுசாமி ஆவடித் தொழிற்சாலையில் தீயணைப்புப் பிரிவில் இருந்தார். எந்த நேரத்திலும் கூப்பிடுவார்கள் என்பதால் எண்பத்தாறிலேயே வீட்டுக்கு போன் வந்துவிட்டது. தெருவுக்கே அது ஒன்றுதான். வேலுசாமி சும்மா இருக்கிற மனுஷனா? கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக்கோப்பா, எழுதிக்கோப்பா என்று நம்பரைத் தானம் செய்தார். கல்யாணப் பத்திரிகையில், வேலை மனுவில், கம்பெனி விலாசத்தில் எல்லாம் அந்த நம்பர் ஏறியது. பக்கத்தில் பி.பி. என்று இரண்டு எழுத்து. போன் என்னுடையதில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று அதற்கு அர்த்தம். கூப்பிட்டுக் கொடுப்பது யார்? வேலுசாமி பாதி நாள் டியூட்டியில். ஜெகதாம்பாள்தான்.

ஐயோ, அந்தத் தொந்தரவைக் கேளுங்கள். ரசத்துக்குத் தாளிக்கிற நேரம் பார்த்து மணியடிக்கும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அடிக்கும். வந்து பேசுகிறவர்களாவது ஒழுங்காகப் பேசுவார்களா? ஒருத்தி ரிசீவரெல்லாம் தேங்காயெண்ணெய் ஆக்கிவிட்டுப் போவாள். கடைசி வீட்டு தேவராஜ் திருச்சியில் இருக்கிற மாமனாருடன் பேசினால், போனே வேண்டாம், சும்மா நின்று பேசினாலே திருச்சிக்குக் கேட்கும். பொன்னியம்மா வந்த வேலை முடிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து வார இதழைப் புரட்ட ஆரம்பித்துவிடுவாள். "இது வீடா, தந்தியாபீசா?" என்று ஜெகதாம்பாள் புருஷனிடம் சண்டை போடாத நாள் இல்லை.

சண்டைக்குப் பயந்து வேலுசாமி ஒரு ஏற்பாடு செய்தார். வீட்டு வாசலில் ஒரு பழைய இரும்புக் கரண்டு கம்பம் நின்றது. தொழிற்சாலையில் தீ மணியடித்துப் பழகிய கை ஆயிற்றே, அது யோசித்த யோசனை. காம்பவுண்டுச் சுவர்மேல் உள்ளங்கைக்கு அடங்குகிற கருங்கல் ஒன்றை வைத்தார். கம்பத்தில் ஒரு தட்டு தட்டினால் பொன்னியம்மா வீடு, இரண்டு தட்டினால் தேவராஜ் வீடு, மூன்று தட்டினால் எதிர்சாரி நாகவல்லி வீடு. வெயிலிலும் மழையிலும் ஓட வேண்டாம், நின்ற இடத்திலிருந்தே ஆளை வரவழைக்கலாம்.

கூப்பிடுகிறவன் எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பத்து நிமிஷம் கழித்துப் பண்ணுகிறேன், ஆளை வரச் சொல்லி வையுங்கள் என்று வைத்துவிடுவான். கம்பச் சத்தம் கேட்டு வந்தவர்கள் மறுபடி மணியடிக்கிற வரைக்கும் ஜெகதாம்பாள் கூடத்தில் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் எத்தனை சங்கதி! நாகவல்லி மாமியாரோடு பேச்சை நிறுத்தியது, தேவராஜுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை நிரந்தரமானது, பொன்னியம்மா மகள் தலைச்சன் குழந்தைக்கு உண்டானது, எல்லாம் அந்தக் கூடத்தில்தான் முதலில் வெளியே வந்தது. போன் வருமுன் காப்பி வந்துவிடும். முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுப்பாள். ஆனால் கொடுப்பாள்.

வேலுசாமி போய் இரண்டு வருஷமாகிறது. அவர் இறந்த அன்று யாரும் கம்பத்தைத் தட்டவில்லை, தெருவே வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராகப் பணம் கட்டி போன் வாங்க ஆரம்பித்தார்கள். முதலில் தேவராஜ். பிறகு பொன்னியம்மாவின் மகன். போன தீபாவளிக்கு நாகவல்லி வீட்டிலும் வந்துவிட்டது. இனிமேல் யாராவது கூப்பிட்டால் இந்த நம்பரைச் சொல்லிவிடுங்கள் என்று கூடத்துக் காலண்டரில் அவளே பால்பாயிண்ட் பேனாவால் கொட்டை கொட்டையாக எழுதிவிட்டுப் போனாள். சனியன் விட்டது என்று ஜெகதாம்பாள் அன்றைக்கு வாய்விட்டுச் சொன்னாள்.

சனியன் விடவில்லை. வேறு வீட்டுக்கு மாறி உட்கார்ந்தது, அவ்வளவுதான். இப்போது ரசம் நிம்மதியாகக் கொதித்தது. தலைக்கு வைத்த எண்ணெய் சாவகாசமாக ஊறியது. நாக்பூரில் இருக்கிற மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, மாத்திரை போட்டியாம்மா, சரிம்மா வைக்கட்டுமா என்பாள். மற்ற ஆறு நாளும் மணியடித்தால் ராங் நம்பர். யாரோ கேஸ் கம்பெனி என்று நினைத்து சிலிண்டர் கேட்பார்கள். ஆரம்பத்தில் எரிந்து விழுந்தவள், இப்போதெல்லாம் எத்தனை பேருக்குச் சமைக்கிறீர்கள், சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டுத்தான் வைக்கிறாள். வெட்கம்தான். ஆனாலும் விசாரித்தாள்.

தெருவில் ஆள் இல்லாமல் போய்விடவில்லை. இருக்கிறார்கள். சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு கேபிள் டி.வி. சத்தம். வாசலில் கோலம் போடும்போது பார்த்தால், "இன்னாக்கா, நல்லா கீறியா?" என்று நாகவல்லி கேட்பாள். பதில் சொல்லி முடிப்பதற்குள் அவள் வீட்டு போன் அடிக்கும், உள்ளே ஓடிவிடுவாள். அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். அவளுக்கு நிற்க நேரமில்லை.

அன்று தை மாதத்து மத்தியானம். மணியடித்தது. சிலிண்டர்தான் என்று நினைத்து எடுத்தாள் ஜெகதாம்பாள்.

ஒரு கனமான ஆண் குரல், நாகவல்லியைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா என்றது. பம்பாயில் லாரி ஓட்டுகிற அவளுடைய அண்ணன் கஜபதி. தங்கை புது நம்பர் எழுதிப் போட்ட கடிதம் அவன் கைக்குப் போய்ச் சேரவேயில்லை போலிருக்கிறது. பழைய டைரியில் பி.பி. என்று இருந்ததைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறான்.

ஜெகதாம்பாள் காலண்டரைப் பார்த்தாள். நம்பர் கண்ணுக்கு நேரே இருந்தது. ஆறு இலக்கத்தை வாயால் சொன்னால் தீர்ந்தது, அவன் அங்கே கூப்பிட்டுப் பேசிக்கொள்வான். வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"பத்து நிமிஷம் கழிச்சுப் பண்ணுப்பா. நாகுவைக் கூட்டியாந்து உக்கார வெக்கிறேன்."

ரிசீவரை வைத்தாள். என்ன காரியம் செய்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பிறகு, பத்து நிமிஷம்தானே, யார் குடி முழுகிவிடும் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்தாள். வெளியே வந்து சுவர்மேல் கிடந்த கருங்கல்லை எடுத்தாள். அடியில் எறும்பு கூடு கட்டியிருந்தது. ஊதிவிட்டு, கம்பத்தில் மூன்று தட்டு தட்டினாள்.

யாரும் வரவில்லை. நாகவல்லி வீட்டில் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு வீடு தள்ளிப் புதிதாகக் குடிவந்தவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, லைன்மேன் வந்திருக்கிறாரா, கரண்டு போகுமா என்று கேட்டார். இல்லை என்று சொல்வதற்குள் ஜெகதாம்பாளுக்கு அழுகை வந்துவிட்டது. கல்லை வைத்துவிட்டுத் தானே தெருவைக் கடந்து போய்க் கூப்பிட்டாள்.

நாகவல்லி கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஓடிவந்தாள். அண்ணன் குரலைக் கேட்டு எட்டு மாசம் ஆயிற்றாம். கூடத்துக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "எங்க நம்பரைக் குட்த்துருக்கலாமேக்கா? நீ இன்னாத்துக்கு வெயில்ல வந்துகினு" என்றாள்.

எங்கே எழுதி வைத்தது என்று ஞாபகம் வரவில்லை, அவன் அவசரப்படுத்தினான் என்றாள் ஜெகதாம்பாள். வாய்க்குப் பேர்போனவள், அந்தப் பொய்யை மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னாள். நாகவல்லி உட்கார்ந்த நாற்காலிக்கு நேர் எதிரே காலண்டர் தொங்கியது. அவள் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? பார்த்தாள். பார்த்துவிட்டுக் கழுத்து டேப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜெகதாம்பாள் காப்பியைக் கொண்டுவந்தாள். கொஞ்ச நேரம் பழையபடியே இருந்தது. நாகவல்லி தன் புருஷன் வேலை பார்க்கிற கம்பெனியில் ஓவர்டைம் நின்றுபோனதைச் சொன்னாள். ஜெகதாம்பாள் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டாள். தானும் எதையாவது சொல்ல வேண்டும் என்று தேடினாள். மாத்திரையும் ராங் நம்பரும் தவிரச் சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. பால் விலை ஏறிவிட்டது என்று தொடங்கினாள்.

அப்போது மணியடித்தது.

நாகவல்லி பாய்ந்து எடுத்தாள். சிரித்தாள், அழுதாள், அண்ணி நல்லாக் கீதா என்று கேட்டாள். பிறகு குரலைத் தணித்து, "அண்ணாத்தே, இனிமே இங்க பண்ணாதே. அக்காக்குத் தொந்தரவு. நம்ப ஊட்லயே போன் கீது, எழுதிக்கோ" என்று சொல்லி, காலண்டரைப் பார்த்து நம்பரை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

தொந்தரவு. அந்த வார்த்தை ஜெகதாம்பாளுடையதுதான். பத்து வருஷம் இந்தத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னது. இன்றைக்கு அதை நல்ல மனசோடு அவளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது? நாகவல்லி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ரவிக்கை இன்றைக்குக் கொடுக்க வேண்டும் என்று கிளம்பிப் போனாள். மிஷின் சத்தம் மறுபடி கேட்டது.

பொழுது சாய்ந்து விளக்கு வைத்த பிறகு ஜெகதாம்பாள் போன் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு விஷயம் தோன்றியது. இத்தனை வருஷத்தில் தெருவில் எல்லாரையும் இந்த போனுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அவளை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை. போன் உனக்குத்தான், சீக்கிரம் வா என்று ஒருத்தர் சொல்லி, கையில் இருக்கிற கரண்டியோடு அவள் ஓடினதில்லை.

காலண்டரைப் பார்த்து விரலை விட்டுச் சுற்றினாள். எதிர்வீட்டில் மணியடிப்பது காதிலும் கேட்டது, தெருவிலும் கேட்டது. மிஷின் நின்றது.

"அலோ, யாரு?" என்றாள் நாகவல்லி.

என்ன சொல்வதென்று ஜெகதாம்பாள் யோசித்து வைத்திருக்கவில்லை. கூப்பிடுகிற பக்கத்திலிருந்து பேசி அவளுக்குப் பழக்கமில்லை. பத்து வருஷமாகக் காதில் விழுந்த வாக்கியம்தான் வந்தது.

"எதிர்வீட்டு ஜெகதாம்பாளைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாகவல்லிக்குக் குரல் தெரியாமல் இருக்குமா? பைத்தியம் பிடித்துவிட்டது கிழவிக்கு என்று நினைத்திருப்பாள். வைத்துவிடலாம் என்று ஜெகதாம்பாள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கப் போனாள்.

"லைன்லயே இருங்க," என்றாள் நாகவல்லி மெதுவாக. "கூட்டியாறேன்."

ரிசீவரை மேஜைமேல் வைக்கிற சத்தம். செருப்புச் சத்தம். கேட் திறக்கிற சத்தம் போனிலும் வாசலிலும் ஒன்றாகக் கேட்டது. பிறகு கம்பத்தில் கல் விழுந்தது.

ஒன்று. பொன்னியம்மா வீடு. இரண்டு. தேவராஜ் வீடு. மூன்று. நாகவல்லியின் சொந்த வீடு. ஜெகதாம்பாள் வீட்டுக்கென்று வேலுசாமி கணக்கு எதுவும் வைத்திருக்கவில்லை. நான்கு, ஐந்து, ஆறு என்று தட்டல் போய்க்கொண்டே இருந்தது. நாகவல்லி நிறுத்துகிறவளாக இல்லை.

"வரேண்டி, வரேன். காது கிழியுது," என்று ஜெகதாம்பாள் உள்ளேயிருந்து கத்தினாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். லைன் அறுந்துவிடாமல் ரிசீவரைப் பக்கத்தில் கிடத்திவிட்டு, ஒரு கால் செருப்பை மாட்டியும் மாட்டாமலும் வாசலுக்கு ஓடினாள்.