பரவாயில்லையே

அம்மாவின் அழகு நிலையத்தில் மூன்று நாற்காலிகள். ஒன்றில் அம்மா முடி வெட்டுவாள். இரண்டாவது, போன வருடத்து மழையிலிருந்து பழுது. மூன்றாவது புத்தம் புதிது, பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. திங்கட்கிழமை முதல் அதில் வெட்டப்போவது யார் என்பதில் பாப்பாவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை, புதுசு என்று எல்லோரும் கூப்பிடும் பெண் வேலைக்கு வந்து சேரும்வரை.

பாப்பா என்றால் குழந்தை இல்லை, பத்தொன்பது வயது. பெற்ற மகள் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. புதுசுக்கும் அதே வயதுதான். வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகியும் பெயர் என்னவோ புதுசுதான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறாள். இந்தப் பக்கத்தில் ஏதாவது காணாமல் போனால் முதலில் அந்தப் பக்கத்தைச் சொல்வார்கள். பிறகுதான் சோபா இடுக்கில் தேடுவார்கள்.

அவள் சீப்பைக் கழுவி வைத்தால் அம்மா, "பரவாயில்லையே" என்பாள். துண்டை மடித்தால் "பரவாயில்லையே". பயிற்சிப் பொம்மையின் பின்கழுத்து முடியை அவள் நூல் பிடித்தாற்போல் வெட்டிய அன்று, அம்மா டீச்சரம்மாவைக் கூப்பிட்டே காட்டினாள். எட்டு வருட வாடிக்கையாளர் அவர்.

"பாத்தீங்களா டீச்சர்? பரவாயில்லையே இவ."

பாப்பாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. அதே பொம்மைத் தலையை ஐந்து வருடமாக அவளும்தான் வெட்டுகிறாள். கிடைப்பதெல்லாம், "இடது பக்கம் தூக்கலா இருக்கு. கண்ணை எங்க வச்சிருந்த?"

சனிக்கிழமை இருவரும் மொட்டை மாடியில் துண்டு காயப்போடும்போது பாப்பா பொறுக்கமுடியாமல் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டாள்.

"எங்கம்மாவுக்கு என்னதான் சொக்குப்பொடி போட்ட? எனக்கு ஒரு தடவைகூட பரவாயில்லையேன்னு சொன்னதில்ல."

"சொல்ல மாட்டாங்க," என்றாள் புதுசு, துண்டை உதறிக்கொண்டே. "உன்னால முடியும்னு அவங்களுக்குத் தெரியும். என்னால முடியாதுன்னு நினைச்சிருக்காங்க. அதான் ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம். சீப்பு கழுவறதுல என்ன ஆச்சரியம், நீயே சொல்லு." ஒரு கிளிப்பை மாட்டினாள். "நீ திட்டு வாங்கறப்ப எனக்கு எவ்ளோ பொறாமையா இருக்கும் தெரியுமா?"

திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டே பாப்பா படி இறங்கினாள்.

திங்கட்கிழமை காலை அம்மா உறையைப் பிரித்து, நாற்காலியைப் பாப்பாவிடம் கொடுத்தாள். குரலைத் தாழ்த்தி, "புதுசு நல்லாத்தான் வெட்டறா, இல்லங்கல. ஆனா டீச்சர் மாதிரி ஆளுங்க அவகிட்ட தலையக் குடுப்பாங்களா? அவ துண்டு துவைக்கட்டும்" என்றாள்.

ஐந்து வருடக் கனவு. கையில் கிடைத்தும் இனிக்கவில்லை. அந்தப் பின்கழுத்து வெட்டு தன் கைக்கு வராது என்பது பாப்பாவுக்குத் தெரியும். ஜெயித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள், இங்கே போட்டியே நடக்கவில்லை. எட்டு மாதமாகத் தான் பொறாமைப்பட்டது ஒன்றுமில்லாத ஒன்றுக்கா என்று அவமானமாக இருந்தது.

டீச்சரம்மாவோடு சேர்த்து மூன்று பேர் காத்திருந்தார்கள். பாப்பா விறுவிறுவென்று போய்ப் புது நாற்காலியில் தானே உட்கார்ந்தாள்.

"புதுசு, எனக்கு வெட்டி விடு. தோள் வரைக்கும்."

இடுப்பு வரை வளர்த்த முடி. அம்மா வாயைப் பிளந்து நின்றாள். டீச்சரம்மா பத்திரிகையைத் தாழ்த்திக்கொண்டார். புதுசு முடியை வாரி, பாகம் பிரித்துக் கிளிப் மாட்டினாள். பிறகு கத்தரி பேச ஆரம்பித்தது.

முடிந்ததும் அம்மா வந்து பின்னால் நின்றாள். "பர..." என்று ஆரம்பித்தாள். கண்ணாடியில் மகளின் முறைப்பைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, எட்டு மாதத்தில் முதல் முறையாகப் புதுசு வெட்டியதை இரண்டு விரலால் பிடித்து இருபுறமும் அளந்து பார்த்தாள்.

"இடது பக்கம் தூக்கலா இருக்கு. கண்ணை எங்க வச்சிருந்த? சரி பண்ணு."

"சரிம்மா," என்று புதுசு குனிந்தாள். சிரிப்பை அடக்க அவள் உதட்டைக் கடித்துக்கொண்டது கண்ணாடியில் தெரிந்தது.

அந்தத் திட்டு ஐந்து வருடமாகப் பாப்பாவுக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. வயிறு மறுபடியும் எரிந்தது. ஆனாலும் தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.