மெனுகா கையில் கட்டிய பச்சைக் கட்டு

மே பத்தாம் தேதியோடு எங்களுக்குப் பணம் வருவது நின்றது. ஆராய்ச்சி மாணவர்களுக்கு வருடத்தில் ஒன்பது மாதம்தான் உதவித்தொகை. கோடை மூன்று மாதமும் அவரவர் பாடு. வெளியில் வேலைக்குப் போக விசா இடம் கொடுக்காது. பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு நூலக வேலை காலியானால் நாற்பது பேர் விண்ணப்பிப்பார்கள்.

அமெரிக்காவில், ஒஹையோவில் ஒரு பழைய வீட்டின் மாடியில் நானும் மெனுகாவும் குடியிருந்தோம். இருவரும் நேபாளம். நான் வந்து நான்கு வருடம், அவள் இரண்டு. மண்ணியல் படித்தாள். அக்காவுக்கு எங்கள் மொழியில் தீதி; என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். நான் ஜூன் மாதம் முழுக்கப் பருப்பும் சோறுமாக ஓட்டிக்கொண்டிருந்தபோது, அவள் மட்டும் கோழியும் கீரையும் வாங்கி வந்தாள். வாடகைப் பங்கை ஒன்றாம் தேதியே கொடுத்தாள்.

"உனக்கு மட்டும் எங்கிருந்துடி வருது?" என்று கேட்டேன்.

"மரத்துல காய்க்குது தீதி. உங்களுக்கும் ரெண்டு பறிச்சுத் தரட்டுமா?" என்று சிரித்தாள். கண்ணில் சிரிப்பு இல்லை.

அன்றிலிருந்து கவனித்தேன். செவ்வாயும் வியாழனும் மதியம் வயிறாரச் சாப்பிடுவாள், செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பாள், பஸ் ஏறுவாள். மூன்று மணி நேரம் கழித்து முகம் வெளுத்துத் திரும்பிப் படுத்துவிடுவாள். பஸ் நிறுத்தத்தில் பெரிய வண்டியில் வந்து யாராவது ஏற்றிக்கொள்கிறார்களோ என்று ஒருநாள் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். யாரும் வரவில்லை. அப்படியும் என் மனம் ஆறவில்லை.

வெயில் கொளுத்தும்போதும் முழுக்கைச் சட்டை. ஒருநாள் பாத்திரம் கழுவ அவள் சட்டைக்கையை ஏற்றியபோது, முழங்கை மடிப்பில் பச்சை நிறக் கட்டு தெரிந்தது. அதன் ஓரத்தில் ஊதா நிறத்தில் ரத்தக்கட்டு, பழைய ஊசிக் குத்துகள்.

"கையில என்ன?"

"ஆய்வுக்கூடத்துல கம்பி கிழிச்சிடுச்சு."

கம்பி வட்டமாகவா கிழிக்கும்? இந்த ஊரில் போதை ஊசியால் செத்தவர்களைப் பற்றிப் பேப்பரில் வராத வாரமில்லை. என் பாஸ்போர்ட்டை மெத்தைக்கடியில் ஒளித்தேன். அவள் குளிக்கும்போது அவள் பையைத் துழாவினேன். பெயர் எழுதாத ஒரு பண அட்டைதான் கிடைத்தது, எந்த வங்கியின் அட்டையும் அல்ல. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். போலீஸ் வந்தால் என் விசாவும் சேர்ந்து போகுமே என்ற பயம்தான் எனக்கு. அவளுக்காகப் பயந்தேன் என்று இப்போது சொன்னால் பொய்.

அவளுடைய பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 'மெனுகாவின் உடல்நிலை கவலை தருகிறது, கையில் ஊசித் தழும்புகள் இருக்கின்றன.' அவ்வளவுதான் எழுதினேன். அவ்வளவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் மெனுகா வாசலிலிருந்தே கத்தினாள்.

"நீங்கதானே எழுதினீங்க? இந்தக் கையை உங்களத் தவிர யாரும் பாக்கல!"

"போதை ஊசியோன்னு பயந்துட்டேன் மெனுகா..."

"போதையா! பிளாஸ்மா விக்கிறேன் தீதி. உடம்புல இருந்து ரத்தத்த எடுத்து, அதுல இருக்கிற அந்த மஞ்ச நீர மட்டும் பிரிச்சுக்கிட்டு மிச்சத்தத் திருப்பி ஏத்துவாங்க. ஒரு தடவைக்கு அம்பது டாலர், அட்டையில போடுவாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவ. போதுமா? பேராசிரியர் முன்னாடி சட்டைக்கைய ஏத்திக் காட்டிட்டு வந்திருக்கேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஊர்ல எங்க வீட்டுக்குத் தெரிஞ்சிடும். அரிசி விக்கிற அப்பாவுக்கு, மக ரத்தம் விக்கிறான்னு சேதி போகணுமா? நீங்க என்கிட்ட கேட்டிருக்கலாமே. நேரா, ஒரு தடவ."

பேராசிரியர் நல்ல மனிதர்தான். கோடையில் தன் மாணவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று அதுவரை யோசித்ததே இல்லை என்றாராம். திட்டப் பணத்தில் ஆறு வாரச் சம்பளம் ஒதுக்கினார். மெனுகா பிளாஸ்மா விற்பதை நிறுத்தினாள். என் மின்னஞ்சலால்தான் அது கிடைத்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

ஜூலையில் என் கையிருப்பு தீர்ந்தது. அவள் பிளாஸ்மா விற்ற அதே இடத்துக்கு நானும் போனேன். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, ரத்தத்தில் இரும்புச்சத்து போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதை மெனுகாவிடம் சொன்னேன். அவள் தன் சோற்றில் பாதியை என் தட்டில் போட்டாள். அவள் மன்னித்துவிட்டாள் என்று அன்று நினைத்தேன். ஆகஸ்ட் கடைசியில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனாள். அவளுடைய மெத்தையை இருவருமாகத்தான் படியில் இறக்கினோம். கீழே போய்ச் சேர்ந்ததும், புது முகவரியைச் சொல்லாமலே போய்விட்டாள்.