அஞ்சு நிமிஷ வேலை

டெனிஷ் மூன்றாவது தடவையாகக் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது முற்றத்துப் பந்தலில் பாட்டு தொடங்கிவிட்டது.

"இஞ்ச நின்னு என்ன செய்யுதிய? பாஸ்டர் வந்தாச்சு," என்று அவன் மனைவி ஜெஸ்மி வந்து நின்றாள்.

"எண்ணெய் போவல்ல."

"அதெல்லாம் நேத்தே போயாச்சு. அப்பாவ எடுக்கப் போறாவ, வாங்க."

அருமனையில் டெனிஷின் ஒர்க்‌ஷாப்பைத் தெரியாதவர் இல்லை. ஊரிலுள்ள கார்களுக்கெல்லாம் நாடி பிடித்துப் பார்க்கிற மகாராஜன், அப்பாவின் பழைய நீலக் காரை மட்டும் திரும்பிப் பார்த்ததில்லை. இடது பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிகிறது என்று அப்பா தங்கப்பன் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மிதிச்சா உள்ள போவுது மக்கா. ஒண்ணு பாரு."

"ஞாயித்துக்கெழம பாக்கேன்பா."

இப்படி நாலு ஞாயிறு போயிற்று. மனிதர் தானே ஒரு பாட்டில் ஆயில் வாங்கி வைத்துக்கொண்டு, சர்ச்சுக்குப் போகும் முன்னால் ஊற்றி ஊற்றி ஓட்டினார்.

நேற்று விடிந்ததும் ஒருவழியாக டெனிஷ் காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினான். உள்ளே சிலிண்டரின் ரப்பர் கிழிந்து, பிரேக் கட்டையெல்லாம் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. சிலிண்டரைக் கழற்றிக் கையில் எடுத்த நேரம்தான் அடுக்களை வாசலிலிருந்து அம்மா கத்தினாள்.

"மக்கா, அப்பாக்கு நெஞ்சு நோவுது! வேர்த்து ஊத்துது!"

மதிலுக்கு அந்தப் பக்கம் வைகுண்டராஜனின் புது வெள்ளைக் கார் நின்றது. மதிலும் என்ன மதில், இடுப்பளவு. ஒரு சத்தம் கொடுத்தால் போதும். ஆனால் டெனிஷ் அந்த மனிதரோடு இரண்டு மாதமாகப் பேசுவதில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்: புதுக் காரை அவர் முதல் சர்வீசுக்கு நாகர்கோவிலில் கொண்டுபோய் விட்டார். பக்கத்து வீட்டில் ஒரு மெக்கானிக் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையாக்கும் என்று இவனுக்கு ரோஷம். இப்போது போய், மெக்கானிக் வீட்டுக் காருக்கு பிரேக் இல்லை, உங்கள் காரைக் கொண்டு வாருங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

"அஞ்சு நிமிஷம்மா. இப்ப முடிச்சிருவேன்."

"ஆம்புலன்சுக்கு விளிக்கட்டா?" என்றாள் ஜெஸ்மி.

"அது வாறதுக்குள்ள நான் ஆஸ்பத்திரில இருப்பேன்."

அந்தச் சக்கரத்துக்குப் போகிற குழாயை மடக்கி அடைத்துவிட்டால், மிச்ச மூன்று சக்கரத்தின் பிரேக்கை வைத்து மெதுவாக ஓட்டிவிடலாம். எத்தனையோ வண்டிக்குச் செய்த வேலைதான். குழாயை மடக்கிச் சுத்தியலால் அடித்து நசுக்கினான். ஜெஸ்மியைக் காரில் ஏறி பிரேக்கை மிதிக்கச் சொன்னான். மடக்கிய இடத்தில் குழாய் வெடித்து எண்ணெய் முழங்கை வரை பீச்சியடித்தது. மறுபடி மடக்கினான். மறுபடி அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் மதிலுக்கு மேலே அந்த வெள்ளைக் கூரை தெரிந்தது. அவன் பார்க்காமல் இல்லை, பார்த்தான்.

இருபது நிமிஷம் போயிற்று. கடைசியில் மதில்மேல் விழுந்து, "ராஜா, ஓடி வாப்போ!" என்று கூப்பிட்டது அம்மாதான். அவர் உடுத்த கைலியோடு காரை எடுத்து வந்தார். அப்பாவைத் தூக்கி ஏற்றும்போது டெனிஷ் எண்ணெய்க் கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாமே," என்றார் டாக்டர்.

இன்று பந்தலில் அம்மா நேசம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எனக்க பிள்ள கையெல்லாம் எண்ணெயோட அப்பனுக்காவக் கெடந்து பாடுபட்டான். என்ன செய்ய, கர்த்தருக்குச் சித்தமில்ல." சொல்லும்போது ஒரு தடவைகூட அவள் மகன் இருந்த பக்கம் திரும்பவில்லை. அதிலிருந்தே அவனுக்குத் தெரிந்துபோயிற்று. அவள் அவனை மூடி மறைத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அடுத்த வீட்டில் மாங்காய் பறித்து மாட்டிக்கொண்டபோது மறைத்ததைப் போல.

"தகப்பனுக்காகக் கடைசி நிமிஷம் வரைக்கும் போராடின இந்த மகனை நீர் ஆறுதல்படுத்தும், ஆண்டவரே," என்று போதகர் ஜெபித்தார். டெனிஷுக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து, 'நிறுத்துங்க பாஸ்டர், ஒரு சத்தம் குடுக்க எனக்கு ரோஷம் விடல்ல' என்று சொல்லிவிடத் துடித்தான். கூட்டம் ஆமென் என்றது. அவனும் சேர்ந்து ஆமென் என்றான். சீ, நீயெல்லாம் ஒரு மகனா என்று இருந்தது.

பெட்டியை மூடித் தூக்கினார்கள். கல்லறைத் தோட்டம் வரை நடக்க அம்மாவால் முடியாது. யாரும் சொல்லாமலே வைகுண்டராஜன் காரைப் பந்தலோரம் கொண்டுவந்து நிறுத்தினார். கதவைத் திறக்கப் போன டெனிஷ் அப்படியே நின்றுவிட்டான்.

வெள்ளைக் கதவில் அஞ்சு விரலும் பதிந்திருந்தது. பிரேக் ஆயில் பட்ட இடமெல்லாம் பெயின்ட் பொங்கிச் சுருங்கிக் கிடந்தது. பட்ட உடனே தண்ணீர் விட்டுக் கழுவணும் என்று ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படித்துப் படித்துச் சொல்லுகிறவன் அவன்.

"ராஜண்ணே, நேத்து நான் ஒங்கள விளிக்காம..."

"விடு மக்கா, பெயின்ட்டுதானே," என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் நேத்து முத்தத்துலதான் நின்னேன். நீ சுத்தியல் வச்சு அடிக்கது கேட்டுச்சு. ஏதோ வேல செய்யுதான்னுல்லா நெனச்சேன்."

டெனிஷ் கைப்பிடியை இழுத்துக் கதவைத் திறந்தான்.

"எல்லாம் கழியட்டும்," என்றார் அவரே. "வண்டிய உனக்க ஒர்க்‌ஷாப்புலயே விடுதேன். நீயே பாத்துச் சரியாக்கு. இனி எல்லா வேலையும் நீயே பாரு, என்னா?"

இரண்டு மாதமாக அவர் வாயிலிருந்து கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது.

அம்மா ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்த டெனிஷ் கையை நீட்டினான். கை நேற்றுப் பிடித்த இடத்துக்கே போயிற்று. விரலுக்கு விரல் பொருந்தியது. சட்டென்று இழுத்துக்கொண்டு முழங்கையால் தள்ளினான். கதவு சரியாக விழவில்லை.

நேசம்மாள் உள்ளிருந்து அதைத் திறந்து, தானே இழுத்துச் சாத்திக்கொண்டாள்.