இறக்கத்தில் ஃப்ரீ கியர்

1

‘ரெண்டாவது கியருக்குப் போடுங்க. இப்பவே போடுங்க.’

இது லோஜினி வாய்விட்டுச் சொல்லாத வாக்கியம். காருக்குள் மூன்று பேர் இருந்தும் கேட்டது இதை எழுதும் நான் மட்டும்.

கதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் மலேசியாவின் கெந்திங் மலையிலிருந்து ஓர் உறவினரின் காரில் இறங்கினேன். வழி முழுக்கப் பிரேக் கருகும் வாடை. ஓட்டியவர் மனம் கோணக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கதைக்கு அது போதாது. அதனால் இவர்களுக்கு ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்.

2

முதல் வரைவில் லோஜினிக்கு வண்டி ஓட்டவே தெரியாது. (அப்படியானால் அவள் ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். எனக்கு வசதி.) அடுத்த வரைவில் அவளைக் கிள்ளானில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வேலைக்குச் சேர்த்தேன். இறக்கத்தில் கியரைக் குறைத்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக் சூடாகாது என்று பதினொரு வருடமாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

ஆனால் குடும்பத்தோடு கிளம்பினால் ஸ்டியரிங் கணவர் ஜெயந்திரனுடையது. அன்று பின்சீட்டில் அவருடைய அண்ணன் சிவநேசன். இறக்கம் தொடங்கியதும் ஜெயந்திரன் கியரை எடுத்து நியூட்ரலில் விட்டார்.

“ஃப்ரீ கியர்ல விட்டா பெட்ரோலே குடிக்காதுண்ணே.”

அண்ணன் பாராட்டினார். லோஜினியின் கை ஒருமுறை கியர் பக்கம் போனது. கணவர் பார்த்தார். அந்தக் கை அப்படியே கைப்பைக்குள் போய், எல்லோருக்கும் இஞ்சி மிட்டாய் எடுத்துக் கொடுத்தது.

3

கடைசி வளைவில் பிரேக் பஞ்சுபோல் அமுங்கியது. கார் தடுப்புக் கம்பியை உரசிக்கொண்டே போய் நின்றது. யாருக்கும் காயமில்லை. (ஒரு சின்னக் காயம் வைத்துப் பார்த்தேன். எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள், கதை கிடைக்கவில்லை.)

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் ஜெயந்திரன் சொன்னார்: “சுகுமாறன் போன வாரம்தாண்ணே பிரேக் பேட் மாத்துனான். வேலை சரியில்ல.”

சுகுமாறனுக்குக் கிள்ளான் பக்கம் மேருவில் சின்ன ஒர்க்‌ஷாப். லோஜினியின் ஸ்கூல் கார்கள் பன்னிரண்டும் அவரிடம்தான் போகின்றன. அவை நின்றால் ஒர்க்‌ஷாப்பும் நிற்கும்.

மௌனம் என்பது மனிதர்களின் ஃப்ரீ கியர், அதில் நாம் எல்லோரும்

இல்லை. கியர் கியராகவே இருக்கட்டும்.

4

அடுத்த ஞாயிறு, பிரிக்ஃபீல்ட்ஸில் அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. சிவநேசன் அதற்குள் நியாயத்தை ஏற்பாடு செய்திருந்தார். ஸ்கூலை நடத்தும் ரமணியிடம் லோஜினி பேச வேண்டும். சுகுமாறன் வேலையை நம்பி மாணவர்களை ஏற்ற முடியாது என்று சொல்ல வேண்டும். “நீ சொன்னா அவங்க மறுபேச்சே பேச மாட்டாங்க லா.” சொல்லிவிட்டு மோர் எடுத்துவர உள்ளே போனார்.

முடிவு ஒன்று: லோஜினி ரமணியிடம் பேசிவிடுகிறாள். எழுதுவது சுலபம். தினமும் யாராவது ஒருவர் வாழ்ந்து காட்டுகிறார்.

முடிவு இரண்டு: அண்ணனை உட்காரவைத்து, எஞ்சின் எப்படி வண்டியைப் பிடிக்கும் என்று பாடம் நடத்துகிறாள். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். உங்களுக்குப் பிடித்திருக்கும். ஆனால் அவள் அச்சு அசலாக என்னைப் போலவே பேசினாள், நான் அன்று பேசாததையெல்லாம். கிழித்துவிட்டேன்.

எழுதாமல் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரமணியை அழைக்கச் சொல்லி ஜெயந்திரன் ஃபோனை அவள் இலைப்பக்கம் நகர்த்தினார். குரல் தாழ்ந்திருந்தது. “ஒரு வார்த்தைதானே லோஜி. அண்ணன் முன்னாடி என்னைய அசிங்கப்படுத்தாத.”

“நீங்க ஃப்ரீ கியர்ல விட்டதாலதான் பிரேக் போச்சுன்னு நான் அண்ணன்கிட்ட சொல்லல,” என்றாள். “சுகுமாறன் மேல பழி போட மாட்டேன்.”

“அப்ப அண்ணன் வந்து கேட்டா?”

அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், ஜெயந்திரன். மோர்ச் செம்போடு அவர் வந்துகொண்டிருக்கிறார். நான் அவளிடம் கேட்டது வேறு: கதையை முடிக்க, கொஞ்சம் கோபமாக, ஒரே ஒரு வாக்கியம்.

அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். அந்த வாக்கியம் எனக்கும் கிடையாது என்பதுபோல் இலையை மூடிவிட்டு, கை கழுவ எழுந்து போனாள்.