வடிச்ச தண்ணி

கிளினிக்கில் நர்ஸ் துஷானி மிஸ் மூச்சு மிஷினைப் பற்றி விளக்கியபோது நான் கதிரையிலேயே தூங்கிவிட்டேன்; என் மனைவி டொரதிதான் கேட்டுக்கொண்டாள். என் வியாதியே அதுதான். இரவில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும். பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கும். கம்பளையிலிருந்து கண்டிக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்கு வரக்கூடிய வியாதியா இது? கெலிஓயாவில் ஒருநாள் கண்ணயர்ந்து வேனை மதிலில் கொண்டுபோய்ச் சாத்தினேன். பிள்ளைகள் தப்பியது தெய்வாதீனம்.

அந்த மிஷின் கிளினிக்கில் இரவலாகக் கொடுத்தது. அதில் தண்ணீர் ஊற்றி, மூக்கில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தால், ஈரக்காற்றை உள்ளே தள்ளி மூச்சை நிற்கவிடாமல் காக்கும். மாட்டிய நாளே செத்துப் பிழைத்தவன் போலத் தூங்கினேன். ஆனால் காற்றில் சோற்று வாசம். பிறகு புளிச்ச வாடை. குமட்டிக்கொண்டு மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தால் டொரதி ஏசினாள். கடைசியில் ஒரு காலை மிஷின் கருகி நின்றுபோனது. வேனை எடுக்கப் பயந்து, இரண்டு பேரும் அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கண்டி கிளினிக்குக்கு ஓடினோம்.

துஷானி மிஸ் தண்ணீர்த் தட்டைத் திறந்து மூக்கைப் பொத்தினார்.

"அம்மே! இதுல என்ன ஊத்தினது?"

"நீங்க சொன்னதுதாங்க மிஸ். வடிச்ச தண்ணி. தெனமும் புதுசா சோறு வடிச்சு ஊத்துனேன். சத்தெல்லாம் அதுலதானே இருக்கு" என்றாள் டொரதி.

"ஐயோ, சோறு இல்ல! ஆவியில வடிக்கிற தண்ணி. வாகனத்துப் பெட்டரிக்கு ஊத்துறது!"

பெட்டரித் தண்ணீர்! வேனில் எப்போதும் ஒரு போத்தல் வைத்திருக்கிறேன். எனக்கு வாய் நிறைய வசை வந்தது. டொரதியின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். எனக்குச் சத்து சேரட்டும் என்று ஊற்றியவளை என்ன சொல்லி ஏச?

"வேற ஒண்ணு குடுங்க மிஸ்," என்று டொரதி அழுதாள். "இவரு மூச்சு நிக்கிறப்பல்லாம் நான்தான் உலுக்கி எழுப்புறேன். நான் அசந்துட்டா?"

"எல்லாம் வெளிய குடுத்திருக்கு அம்மா. ஒண்ணு திரும்பி வந்தா ஒங்களுக்குத்தான்."

கொடுத்த வாக்கைப் பிடித்துக்கொண்டு, டொரதி தட்டைக் கழுவக் குழாயடிக்குப் போனாள். நான் கேட்டேன்:

"எப்ப மிஸ் திரும்பி வரும்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "உயிரோட இருக்கிற ஆள் தரமாட்டார் ஐயா. செத்த பிறகுதான் வீட்டுக்காரங்க கொண்டு வருவாங்க."

திரும்பும் பஸ்ஸில் டொரதி செபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். பேராதனை தாண்டியதும் என் பக்கம் சாய்ந்தாள்.

"யாராச்சும் சீக்கிரமா ஒரு மிஷின திருப்பிக் குடுக்கணும்னு மாதாகிட்ட கேக்குறேன். நீங்களும் ஆமென் சொல்லுங்க."

எங்கோ ஒரு வீட்டில் முகம் தெரியாத ஒருவன் மாஸ்க்கோடு தூங்கி எழுந்திருப்பான். அவனுக்கும் ஒரு மனைவி இருப்பாள். ஆனாலும் எனக்கு மூச்சு வேண்டுமே.

"ஆமென்" என்றேன்.

"சத்தமா சொல்லுங்க" என்றாள் டொரதி.

சத்தமாகவே சொன்னேன்.