பழனிக்குமாருக்கு வந்த பசி

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் பழனிக்குமாருக்குப் போன ஆவணியில் ஒரு திங்கட்கிழமை வேறொருவருடைய பசி வந்து சேர்ந்தது. காலையில் ஏழு இட்லியும் ஒரு கறிதோசையும் உள்ளே போயிருந்ததால், அது தன்னுடையது இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தக்காளி அன்று பெட்டி முன்னூறு. மதியம் பிரியாணி சாப்பிட்டுப் பார்த்தார், பசி அசையவில்லை. மதுரை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்து, வயிறு நிறைந்திருக்கிறது, பசிப்பது யாருக்கென்று தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் பழனிக்குமார் பதினொரு கிலோ கூடினார். பசியும் கூடியது.

இதில் சங்கடம் என்னவென்றால், ஏழைக்கு உதவுவது பணக்காரரின் கடமை அல்ல, பெருந்தன்மை மட்டுமே என்று வியாபாரிகள் சங்க ஆண்டுவிழாவில் முக்கால் மணி நேரம் முழங்கியவர் அவர்தான். சும்மா கொடுத்தால் உழைக்க மாட்டார்கள் என்ற இடத்தில் கைதட்டல் அதிகம். எனவே இப்போதும் பெருந்தன்மையையே கூப்பிட்டார். புரட்டாசியில் அறுநூறு பேருக்கு அன்னதானம். வாசலில் அவரே கும்பிட்டு நிற்கும் இருபதடி ஃபிளெக்ஸ். வந்தவர்களில் பாதிப் பேர் பைக்கில் வந்தார்கள். சாயங்காலம் பசி முன்னைவிட மோசம். பசியை அவரிடம் விட்டுவிட்டவருக்குப் பசிக்காதே, பந்திக்கு எதற்கு வருவார்? இதை யோசித்துச் சொன்னவர் மண்டியின் சுமைக்கூலி மேஸ்திரி இஷாக்.

"நடந்து பாருங்க மொதலாளி. எங்க பசி கூடுதோ அங்கதான் ஆளு இருக்கும்."

"நான் என்ன மோப்ப நாயாய்யா?"

"நாய்க்கு இம்புட்டுத் தொப்பை கெடையாதுங்க."

மூன்று நாள் நடந்தார். பேருந்து நிலையத்தில் பசி குறைந்தது, கோயில் வாசலில் இன்னும் குறைந்தது. சோர்ந்துபோய் மண்டி வாசலில் காலை வைத்ததும் குடலைச் சுண்டி இழுத்தது. அவருடைய நாற்காலிக்குப் பின்னால் பன்னிரண்டு அடியில் சண்முகவள்ளி சின்ன வெங்காயத்தின் காய்ந்த தண்டுத் தாளை நறுக்கிக்கொண்டிருந்தாள். நாலு வருடமாக அதே இடம். வளையல் முழங்கைவரை ஏறிக் கிடந்தது.

"சாப்டியா?" என்றார். நாலு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"பசியே எடுக்கறதில்லீங்க. நல்லதாப் போச்சு, வடிக்கிறது வீட்டுக்காரருக்கும் புள்ளைங்களுக்கும் சரியாயிருதுங்க."

முந்தின நாள் அவள் மயங்கி விழுந்ததை இஷாக் சொன்னார்.

"எனக்குப் பசிக்குது. நீ சாப்பிடும்மா."

"உங்களுக்குப் பசிச்சா நீங்க சாப்பிடுங்க. எனக்கு வேலை கெடக்குதுங்க."

மண்டியே பார்க்க அவர் கெஞ்ச வேண்டியிருந்தது. கடைசியில் பாவம் பார்த்து ஒத்துக்கொண்டாள். அவர் தன் கேரியரைத் திறந்து வைத்தார். சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, முட்டை. அவள் மூன்றாவது வாய் எடுத்து வைத்ததும் அவருக்குக் கண் கலங்கியது. அவள் சாப்பிட்டுக் கை கழுவினாள்; ஏப்பம் அவருக்கு வந்தது. மறுநாள் எல்லோருக்கும் கூலியை உயர்த்தினார். இது கடமையா, பெருந்தன்மையா என்று சங்கத்தில் கேட்டார்கள். வயிற்றுவலி என்றார்.

பத்து நாள் நிம்மதி. ஐப்பசியில் இன்னொரு பசி வந்தது. சின்னது, விட்டுவிட்டு வருவது. குழந்தையுடையது என்று நினைக்கிறார். வேடசந்தூர்ப் பக்கம் போனால் கூடுகிறது, ஆள் இன்னும் அகப்படவில்லை. தினமும் பதினொரு மணிக்குக் கேரியரோடு வண்டியேறுகிறார். மண்டியில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. சில நாள் அந்தப் பசி வருவதே இல்லை. சாப்பிட்டதாலா, பசிக்கக்கூடத் தெம்பில்லாததாலா, தெரியாது. அன்றைக்குத்தான் வண்டியை மிக வேகமாக ஓட்டுகிறார்.